ரெண்டு ஆம்னி... ஒரே குழப்பம்!

முந்திரி வித்த காசு கைக்கு வந்ததும் எங்க வரதராஜன்பேட்டை வீட்டுல போட்ட முதல் தீர்மானம், ‘இந்த வருஷம் வேளாங்கண்ணிக்கு பஸ்ல போறதில்லை!’ அப்பாயி, சித்தப்பா குடும்பம் எல்லாம் சேர்த்து எட்டுப் பேர். நம்ம பட்ஜெட்டுக்கு எட்டு சீட்டுன்னா மாருதி ஆம்னிதான். 2019-லயே உற்பத்தியை நிறுத்திட்டதால, செகண்ட் ஹேண்ட் தவிர வேற வழியில்லை.

சிக்கின ரெண்டும் 2014 மாடல், ரெண்டும் வெள்ளை. விலையில பத்தாயிரம்தான் வித்தியாசம். ஜெயங்கொண்டத்து வண்டி 38 ஆயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு, ஷெட்லயே நின்னது. ஆண்டிமடத்து வண்டி தினமும் ஓடி 1 லட்சத்தைத் தாண்டிடுச்சு. நீங்க எதை எடுப்பீங்க? எங்க வீட்டுலயும் அதேதான் சொன்னாங்க!

‘இன்ஜினீயரிங் படிக்கிறல்ல, போய்ப் பாரு’ன்னு அப்பா என்னை மாட்டிவிட்டார். நல்லவேளை, மெக்கானிக் அண்ணனும் கூட வந்தார். ஆம்னிக்கு இன்ஜின் முன்சீட்டுக்கு அடியில. சீட்டைத் தூக்கி அண்ணன் கையைக் கிட்டக் கொண்டுபோனார். அனல்! நாங்க வர்றதுக்கு முன்னாடியே ஓட்டிச் சூடு பண்ணி வெச்சிருக்காங்க. மறுநாள் விடியக்காலையில சொல்லாமப் போய் நின்னோம். கரகரன்னு இழுத்து, நாலாவது தடவைதான் ஸ்டார்ட் ஆச்சு. பழைய வண்டியை எப்பவும் குளிர்ந்த இன்ஜினோட பாருங்க பாஸ்.

அடுத்து டயர். பக்கவாட்டுல நாலு நம்பர் இருக்கும். 1214-ன்னா 2014-ம் வருஷம் 12-வது வாரம் தயாரிச்சதுன்னு அர்த்தம். பட்டன் தேயவே இல்லை, ஆனா பக்கமெல்லாம் வெடிப்பு. ஓடாட்டியும் ரப்பருக்கு வயசாகும். எட்டுப் பேரோட வெயில்ல போறப்ப அது வெடிச்சா? இந்த வண்டிக்கு முன்னாடி மூக்கே கிடையாது, டிரைவர் முட்டிதான் பம்பர்! மேட்டைத் தூக்கினா, சைடு கதவுக்குக் கீழே துரு. ஆர்.சி. புக்குல பேங்க் கடனும் அப்படியே இருந்தது. கடன் அடைஞ்சதுக்கு பேங்க் கடிதமும் ஃபார்ம் 35-ம் இல்லாம, 29, 30-ல மட்டும் கையெழுத்து வாங்கிட்டு வந்தா, அலையப் போறது நீங்கதான்.

ஆண்டிமடத்து வண்டி அழகில்லை. கதவுல கோடு, சீட்டுல கிழிசல். ஆனா சாவி திருப்பினதும் உறுமுச்சு, சர்வீஸ் பில் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவர்ல பத்திரமா இருந்தது. எட்டுப் பேரையும் ஏத்தி ஓட்டிப் பார்த்தோம். (காலி வண்டியை ஓட்டிப் பார்த்து வாங்குறது, சாப்பிடாம ஹோட்டலுக்கு மார்க் போடுற மாதிரி!) பிரேக் போட்டா இடதுபக்கம் லேசா இழுத்தது. ‘இது வேலை பார்த்தாச் சரியாயிடும்பா’ன்னார் அண்ணன். விலையில அதைக் கழிச்சுக்கிட்டாங்க.

அதையே வாங்கி, பிரேக்கைச் சரிபண்ணி, அணைக்கரை தாண்டி கும்பகோணம் வழியா வேளாங்கண்ணி போயிட்டு வந்தாச்சு. 60-க்கு மேல மிதிக்கக் கூடாதுன்னு அம்மா ஆர்டர். முன்சீட்டுக்கு அடம்பிடிச்ச அப்பாயி மட்டும் பாதி வழியில எழுந்துட்டாங்க. ‘‘ஏண்டா, என்னை அடுப்பு மேலயா உக்கார வெச்சீங்க?’’