மண்ணின் இயல்பும் தொல்பொருள்களின் நிலைபேறும்

பண்டையோர் வாழ்ந்த இடத்தை அகழ்வோர் காண்பவை, அவர் விட்டுச் சென்ற பொருள்கள் அனைத்தும் அல்ல. அவற்றுள் மண் அழியாது விட்டவை மட்டுமே. ஆகலின், ஒரு பொருள் கிடைத்திலது என்பது கொண்டு அஃது ஆங்கு இருந்ததே இல்லை எனத் துணியலாமா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

எலும்பு, சுண்ணப் பாஸ்பேட்டும் கொலாஜன் என்னும் புரதமும் சேர்ந்து அமைந்தது. அமிலத்தன்மை மிக்க மண்ணில் ஊறும் நீர் அதன் சுண்ணப் பகுதியைக் கரைத்துவிடும். புரதமோ நுண்ணுயிர்களுக்கு இரையாகும். சுண்ணம் செறிந்த மண்ணில் எலும்பு நெடுங்காலம் நிற்கும். மரமும் துணியும் ஓலையும் காற்றுப் புகும் ஈரமண்ணில் விரைந்து மட்கும். நன்கு சுட்ட கலங்களும் கரிந்த தானியமும் பெரும்பாலும் எம்மண்ணிலும் எஞ்சும்.

இங்கிலாந்தின் சஃபோக் பகுதியிலுள்ள சட்டன் ஹூ இதற்குச் சிறந்த சான்று. 1939இல் ஆங்கு ஒரு மேட்டை அகழ்ந்தபோது, ஏறத்தாழ 27 மீட்டர் நீளமுள்ள மரக்கலத்தின் வடிவம் வெளிப்பட்டது. ஆயின் மரம் இல்லை. அமில மணலில் பதிந்த தடமும் வரிசையாய் நின்ற இரும்பு ஆணிகளுமே எஞ்சின. பொன்னணிகள் கிடைத்தும் உடல் காணப்படாமையால், அது பிணமிடாத நினைவுச் சின்னமோ என ஐயுற்றனர். பின்னர் நிகழ்ந்த வேதியியல் ஆய்வில் பாஸ்பேட் மிகுந்திருத்தல் அறியப்பட்டு, உடல் இருந்து கரைந்தது என்னும் கருத்து வலுப்பெற்றது. அக்களத்தின் வேறு குழிகளில் மனித உடல்கள் கருநிற மணல் வடிவங்களாகவே எஞ்சியிருந்தன.

எனினும் அமிலம் ஒன்றே அழிவிற்குக் காரணம் எனல் பொருந்தாது. டென்மார்க்கின் டோலுண்டில் 1950இல் கண்டெடுத்த, கி.மு. நான்காம் நூற்றாண்டளவினதாகிய மனித உடலின் முகத்தோல் சிதையாதிருந்தது. அச்சதுப்பு நிலமும் அமிலத்தன்மை உடையதே. ஆயின் அதனுள் உயிர்வளி புகவில்லை. கேரளத்துப் பட்டணத்தில் 2007இல் தொடங்கிய அகழ்வில், நீர் தேங்கிய களிமண்ணிலிருந்து ஏறத்தாழ 6 மீட்டர் நீள மரத்தோணி கிடைத்ததும் இதனாலேயே.

கரிசல் மண்ணின் செயல் வேறு. அது கோடையில் வெடித்து, மழையில் பருத்து மூடும். அவ்வெடிப்பின் வழியே மேலடுக்கின் மணியும் காசும் கீழே இறங்குதல் கூடும். ஆகவே, அத்தகைய நிலத்தில் ஆழம் ஒன்றையே கொண்டு காலம் வரையறுத்தல் ஏதம் பயக்கும்.

இவ்வுண்மை தமிழாராய்ச்சிக்கும் இன்றியமையாதது. தாழியிற் கவிக்கும் வழக்கைப் புறநானூறு கூறுகின்றது. ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை நடத்திய அகழ்வில் தாழிகளோடு எலும்புகளும் கிடைத்தன. பிறிதோரிடத்துச் செம்புரை மண்ணில் எலும்பில்லாத தாழி ஒன்று கிடைப்பின், ஆண்டு வாழ்ந்தோர் வேறு வழக்கினர் என உடனே முடிவு கட்டுதல் தகாது. தாழியின் உட்புற மண்ணையும் புறத்து மண்ணையும் எடுத்துப் பாஸ்பேட் அளவை ஒப்பிடல் வேண்டும். மண்ணின் அமில நிலையையும் ஈர நிலையையும் குறித்தல் வேண்டும். அதன் பின்னரே வழக்கைப் பற்றிப் பேசுதல் முறையாகும்.

'கிடைத்திலது' என்பது அகழ்வின் செய்தி. 'இருந்திலது' என்பது வரலாற்று முடிபு. இவ்விரண்டிற்கும் இடையே மண் நிற்கின்றது என்பதை ஆராய்வோர் மறத்தலாகாது.