பானை ஒலிபெருக்கி

பானை ஒலிபெருக்கி என்பது மண்பானையின் வாயில் ஒலிபெருக்கியைப் (ஸ்பீக்கர்) பொருத்தி, பானையையே அதன் பெட்டியாகப் பயன்படுத்தும் அமைப்பு ஆகும். ஒலிநாடாக்கள் புழக்கத்தில் இருந்த 1980களிலும் 1990களிலும் தமிழ்நாட்டின் தேநீர்க் கடைகள், முடிதிருத்தகங்கள், வீடுகள் ஆகியவற்றில் இது காணப்பட்டது. மரப்பெட்டியை விட மலிவாகக் கிடைக்கும் பொருளைக் கொண்டு, வீட்டிலேயே ஒலித்தரத்தை மேம்படுத்தும் எளிய முறை இதுவாகும்.

விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டங்கள் மழை குறைந்த மானாவாரி நிலப்பகுதிகள் ஆகும். அருப்புக்கோட்டை நெசவுத் தொழிலுக்கும், அண்டையில் உள்ள சிவகங்கை மாவட்டத்து மானாமதுரை மண்பாண்டங்களுக்கும் கடத்திற்கும் பெயர் பெற்றவை. எனவே இவ்வமைப்புக்குத் தேவையான பானை, பஞ்சு, கனத்த பருத்தித் துணி ஆகிய மூன்றும் இவ்வட்டாரத்தில் எளிதில் கிடைப்பனவாகும்.

பெட்டியின் தேவை

ஒலிபெருக்கியின் கூம்பு முன்னோக்கி நகரும்போது அதன் முன்புறக் காற்று அழுத்தப்படுகிறது. அதே நேரத்தில் பின்புறக் காற்றின் அழுத்தம் குறைகிறது. பெட்டி இல்லையெனில், தாழ்ந்த அதிர்வெண்களில் இவ்விரு அலைகளும் விளிம்பைச் சுற்றி வந்து ஒன்றையொன்று அழித்துவிடும். வெறும் ஒலிபெருக்கியைக் கையில் பிடித்து ஒலிக்கச் செய்தால் மத்தள ஒலி மெலிந்து கேட்பதற்கு இதுவே காரணம். பானை பின்புற அலையைத் தன்னுள் அடைத்து வைக்கிறது. ஆகவே, பானை தாழ்சுருதியை (பேஸ்) உண்டாக்குவதில்லை. அது அழிந்து போகாமல் காக்கிறது.

பானையின் கொள்ளளவு

மூடிய பானையினுள் இருக்கும் காற்று ஒரு சுருள்வில்லைப் போலச் செயல்பட்டுக் கூம்பின் இயல்பான ஒத்ததிர்வு எண்ணை உயர்த்துகிறது. எடுத்துக்காட்டாக, 70 ஹெர்ட்ஸ் ஒத்ததிர்வு எண்ணும், 10 லிட்டர் காற்றுக்கு இணையான நெகிழ்வும் உடைய ஒலிபெருக்கி ஒன்றைக் கருதலாம்.

- 5 லிட்டர் பானையில்: ஏறத்தாழ 121 ஹெர்ட்ஸ்
- 10 லிட்டர் பானையில்: ஏறத்தாழ 99 ஹெர்ட்ஸ்
- 20 லிட்டர் பானையில்: ஏறத்தாழ 86 ஹெர்ட்ஸ்

இந்த எண்ணுக்குக் கீழே ஒலி விரைவாகக் குறைகிறது. சிறிய பானையில் இந்த எண்ணை ஒட்டிய ஒலிகள் மட்டும் மிகுந்து, எல்லாப் பாடல்களிலும் ஒரே வகையான 'டம்' என்ற ஒலி கேட்கும். இதனையே பலர் நல்ல பேஸ் எனக் கருதுகின்றனர். பெரிய பானை குறைவாக முழங்கினாலும், மேலும் தாழ்ந்த சுருதிகளைத் தெளிவாகத் தரும். பானையில் நீர் நிரப்பி, அந்நீரை அளந்து கொள்ளளவை அறியலாம். பின்னர்ப் பானையை வெயிலில் நன்கு உலர்த்த வேண்டும்.

பானையின் வடிவம்

வளைந்த சுவர் எளிதில் வளைந்து கொடுக்காது. எனவே மெல்லிய பலகையைப் போல அதிராது. கூர்மையான விளிம்புகள் இல்லாததால் வெளியில் பரவும் ஒலியும் சீராக இருக்கும். பெட்டி வடிவங்களை ஒப்பிட்டு ஆராய்ந்த ஆரி ஓல்சன் என்னும் அமெரிக்கப் பொறியாளர், கோள வடிவமே மிகச் சீரான ஒலியைத் தருவதாகக் கண்டார்.

ஆனால் கோளத்தின் உட்புறத்திற்குத் தனி ஒத்ததிர்வு உண்டு. 10 லிட்டர் கோளத்தில் இது ஏறத்தாழ 850 ஹெர்ட்ஸில் தொடங்கும். மனிதக் குரல் இவ்வெல்லைக்குள் வருவதால், பஞ்சு இடப்படாத பானையில் பாடகர் குடத்துக்குள் இருந்து பாடுவது போலத் தோன்றும்.

செய்முறை

1. விரிசல் இல்லாத, கனத்த சுவருடைய பானையைத் தெரிவு செய்ய வேண்டும். தட்டினால் நெடுநேரம் ஒலிப்பது கடத்திற்கு நன்று, இதற்கு அன்று. வெளிப்புறத்தில் பருத்தித் துணியைப் பசையிட்டு ஒட்டினால் அந்த அதிர்வு அடங்கும்.
2. மண்பானை நுண்துளைகள் உடையது. உட்புறம் இருமுறை வண்ணம் பூசினால் காற்றுக் கசிவு நிற்கும்.
3. கம்பி செல்வதற்கான துளையை நீர் தெளித்து மெதுவாக இட்டு, கம்பியைச் செலுத்தியபின் எபாக்சிப் பசையால் அடைக்க வேண்டும்.
4. பானையின் வாய் சமதளமாக இராது. ஒட்டுப்பலகை வளையம் ஒன்றைப் பசையால் பொருத்தி, அதன்மேல் மிதிவண்டி டியூப் ரப்பரை இட்டு ஒலிபெருக்கியைத் திருகாணியால் பிணைக்கலாம்.
5. உட்புறத்தில் பஞ்சைத் தளர்வாக நிரப்ப வேண்டும். அது கூம்பைத் தொடாதவாறு மெல்லிய துணியால் மறைக்க வேண்டும்.
6. பானையைப் பிரிமணை மீது வைத்தால் உருளாது. தரைக்கும் அதிர்வு செல்லாது.

இரு பானைகள் இருப்பின் மின்முனைகள் ஒத்திருக்க வேண்டும். 1.5 வோல்ட் மின்கலத்தை ஒரு நொடி தொட்டால், நேர்முனை நேர்முனையோடு சேரும்போது கூம்பு பொதுவாக வெளியே நகரும். இரண்டும் ஒரே திசையில் நகர்தல் வேண்டும். ஒன்று மாறியிருந்தால் இரண்டின் தாழ்சுருதியும் ஒன்றையொன்று அழிக்கும்.

அறையின் பங்கு

ஒலித்தரத்தைப் பானையை விட அறை மிகுதியாகக் கெடுக்கக்கூடும். 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் கொண்ட வெறும் காரை பூசிய அறையில், சாபைன் வாய்பாட்டின்படி ஒலி அடங்க ஏறத்தாழ 3 நொடிகள் ஆகும். அங்குச் சுமார் 10 சதுர மீட்டர் கனத்த பருத்தித் திரையோ மெத்தையோ இருந்தால் இது 1 நொடிக்கும் குறையும். பானையை மூலையில் வைத்தால் தாழ்சுருதி மிகுந்து குழம்பும். சுவரிலிருந்து படிப்படியாக நகர்த்திக் கேட்டு இடத்தை முடிவு செய்யலாம்.

பராமரிப்பும் பாதுகாப்பும்

கரிசல் மண்ணின் நுண்தூசி குரல்சுருளின் இடைவெளியில் புகுந்தால் கரகரப்பு ஏற்படும். முன்புறத்தை மெல்லிய துணியால் மூடுவது நன்று. கூம்பைச் சுற்றியுள்ள நுரைவளையம் காலப்போக்கில் பொடிந்துவிடும். அதை மட்டும் மாற்றினால் போதும். ஒலிபெருக்கியை எறிந்துவிடத் தேவையில்லை.

இரண்டு 8 ஓம் ஒலிபெருக்கிகளைப் பக்க இணைப்பில் இணைத்தால் மின்மறுப்பு 4 ஓம் ஆகும். இதைத் தாங்காத மிகைப்பி (ஆம்ப்ளிஃபயர்) சூடேறிப் பழுதாகும். மிகைப்பியின் உள்ளே உள்ள மின்தேக்கிகளில் மின்சாரத்தை நிறுத்திய பின்னும் மின்னூட்டம் தங்கியிருக்கலாம். எனவே பயிற்சி இல்லாதோர் அதைத் திறத்தல் கூடாது.

இந்தியாவின் ஒலி மாசு விதிகள், 2000 குடியிருப்புப் பகுதிகளுக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என வரம்பு விதிக்கின்றன. நன்கு அமைந்த பானை ஒலிபெருக்கியில் சொற்களும் தாழ்சுருதியும் குறைந்த ஒலியளவிலேயே தெளிவாகக் கேட்கும். ஆகவே அண்டை வீட்டாருக்கு இடையூறின்றியும், செவிக்குத் தீங்கின்றியும் இசை கேட்க இயலும்.