எட்டாத கம்பி

ஞாயிற்றுக்கிழமை மாலை அக்கா மகள் வந்திருந்தாள். சிறுசேரியில் வேலை. போன மாதம்தான் பத்துப் பேர் கொண்ட ஒரு குழுவுக்கு அவளைப் பொறுப்பாக்கியிருக்கிறார்கள். வாடிக்கையாளர் ஜெர்மனியில். டீயை வாங்கிப் பக்கத்தில் வைத்தவள் குடிக்கவே இல்லை.

"மாமா, வெள்ளிக்கிழமை மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் 'இது தப்பு'ன்னு சொல்லிட்டார் அந்த ஜெர்மன்காரர். எங்க பையன் முகமே வாடிப்போச்சு. அவங்களுக்கு ஒரு மரியாதை தெரியாதா?"

"அதுக்கு முந்தின வாரம் அந்தப் பையன் என்ன சொல்லியிருந்தான்?"

"வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சிடறேன்னு சொன்னான்."

"முடிச்சானா?"

அவள் பதில் சொல்லவில்லை. கோபம் அவர்மேலா, பையன்மேலா என்று அவளுக்கே தெரியவில்லை. நாடு விட்டு நாடு வேலை வாங்குகிற எல்லாரும் முதல் வருடம் வந்து நிற்கிற இடம் இது. அவளுக்கு ஏர்பஸ் ஏ380 விமானத்தின் கதையைச் சொன்னேன்.

ஏர்பஸ் ஒரே நாட்டுக் கம்பெனி இல்லை. 1970-இல் பிரான்ஸும் ஜெர்மனியும் கூட்டுச் சேர்ந்து தொடங்கியது. பிறகு ஸ்பெயினும் பிரிட்டனும் வந்து சேர்ந்தன. 2001 வரைக்கும் அது ஒரு கூட்டமைப்புதான். அண்ணன் தம்பிகள் தனித்தனி அடுப்பு வைத்துக்கொண்டு ஒரே வீட்டில் இருக்கிற மாதிரி. ஏ380-க்கு இறக்கை வேல்ஸ் நாட்டில், வாலின் கிடைமட்டப் பகுதி ஸ்பெயினில், உடற்பகுதியின் பெரிய துண்டுகள் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில். எல்லாம் கப்பலேறி, கரோன் ஆற்றில் படகேறி, பிறகு ராத்திரி வேளைகளில் ரோடு வழியாகப் பிரான்ஸின் துலூஸுக்கு வந்தன. அங்கேதான் விமானத்தை ஒன்றாகச் சேர்த்தார்கள்.

அந்த விமானம் ஒன்றுக்குள் மட்டும் ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் மின்கம்பி ஓடுகிறது. ஹாம்பர்க்கிலிருந்து வந்த துண்டுகளுக்குள் கம்பிகளை இழுத்துப் பொருத்தப் போனால், பல இடங்களில் கம்பி எட்டவில்லை.

"நீளத்தைத் தப்பா அளந்துட்டாங்களா?"

மேசைமேல் கிடந்த சார்ஜர் வயரை எடுத்தேன். ஒரு முனையைச் சுவரில் செருகி, டீ டம்ளரை ஒரு சுற்றுச் சுற்றி, மறுமுனையைப் போனில் மாட்டச் சொன்னேன். எட்டியது. டம்ளரை எடுத்துவிட்டுத் தண்ணீர்ச் சொம்பை வைத்தேன். அதைச் சுற்றிக் கொண்டுபோனாள்; போனுக்கு ஒரு விரற்கடை குறைந்தது. வயர் அதேதான், தூரமும் அதேதான்; வளைவு பெரிதானதும் நீளம் போதவில்லை. ஏ380-இல் எடையைக் குறைக்கப் பல இடங்களில் செம்புக்குப் பதில் அலுமினியக் கம்பி போட்டார்கள். அலுமினியத்தைச் செம்பு மாதிரி இறுக்கி மடிக்க முடியாது, வளைவு அகலமாக இருக்க வேண்டும். டம்ளர் போய்ச் சொம்பு வந்த கதை.

இதையெல்லாம் கணக்குப் போடத்தான் கேட்டியா என்ற வரைபட மென்பொருள் இருந்தது. துலூஸ்காரர்கள் அதன் ஐந்தாம் பதிப்பில் வரைந்தார்கள். ஹாம்பர்க்காரர்கள் நாலாம் பதிப்பில். பெயர் ஒன்றுதான்; ஆனால் ஒன்றில் வரைந்தது இன்னொன்றுக்குள் முழுசாகப் போய்ச் சேராது. ஒரு பக்கத்தில் செய்த மாற்றம் மறுபக்கத்தில் சரியாகத் தெரியவில்லை.

இதில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. ஹாம்பர்க்காரர்கள் சோம்பேறிகள் இல்லை, துலூஸ்காரர்கள் திமிர் பிடித்தவர்களும் இல்லை. இரண்டு பேரும் தங்கள் கருவியை ஒழுங்காகத்தான் பயன்படுத்தினார்கள். நாம் செய்வதுதான் எல்லாரும் செய்வது என்று இரண்டு பேருமே நினைத்தார்கள். அப்படி நினைக்கிற விஷயத்தை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். நம் வீட்டில் சாம்பாருக்குத் துவரம்பருப்பு என்று யாராவது சொல்லிக்கொண்டா சமைக்கிறோம்?

அதைவிட வருத்தமானது, கெட்ட செய்தி மேலே ஏற எடுத்துக்கொண்ட காலம். 2005 ஜூனில் விமானத்தைக் கொடுக்கத் தாமதமாகும் என்றார்கள். 2006 ஜூனில் இன்னும் தாமதம் என்றார்கள். மறுநாளே ஏர்பஸின் தாய் நிறுவனத்தின் பங்கு விலை 26 சதவீதம் விழுந்தது. அக்டோபரில் மூன்றாவது முறையாகச் சொன்னார்கள். மொத்தம் ஏறக்குறைய இரண்டு வருடம். தலைவர்கள் பதவி விலகினார்கள். வரும் வருடங்களின் லாபத்தில் சுமார் 480 கோடி யூரோ குறையும் என்று அறிவித்தார்கள். கடைசியில் ஹாம்பர்க்கிலிருந்து தொழிலாளர்கள் கூட்டமாகத் துலூஸுக்கு வந்து உட்கார்ந்து, கையால் கம்பி இழுத்துச் சரிசெய்தார்கள். முதல் விமானம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் கைக்குப் போனது 2007 அக்டோபர் 15-இல்.

"அங்க கம்பி, சரி. இங்க எங்க பையன் வெள்ளிக்கிழமை முடிச்சிடறேன்னு சொன்னது?"

அதுவும் எட்டாத கம்பிதான். தமிழில் 'பார்க்கலாம்' என்று ஒருவர் சொன்னால் அது ஆமாவா இல்லையா என்று நமக்குக் குரலிலேயே தெரிந்துவிடும். காமராஜரின் 'ஆகட்டும், பார்க்கலாம்' தமிழ்நாட்டுக்கே பழக்கம். மனு கொடுத்தவர் அவர் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வார். பெரியவர் கேட்கும்போது முகத்துக்கு நேரே 'முடியாது' என்பது நமக்கு வராது. 'முயற்சி பண்றேங்க' என்போம். இன்னும் அழுத்திக் கேட்டால் 'முடிச்சிடறேன்' என்போம். இது பொய் இல்லை, மரியாதை. ஜப்பானியரிடமும் இது உண்டு. 'பரிசீலிக்கிறோம்' என்று அவர்கள் பணிவாகச் சொன்னால் பெரும்பாலும் இல்லை என்று அர்த்தம்.

ஜெர்மன்காரர் அந்த 'முடிச்சிடறேன்' என்பதை நாட்குறிப்பில் எழுதிக்கொள்கிறார். அதை நம்பி அவர் தன் மேலதிகாரிக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை அவர் 'இது தப்பு' என்றது வேலையைப் பற்றி. பையனுக்கோ அது தன்னைப் பற்றியதாகக் கேட்டது. முடியாது என்றால் செவ்வாய்க்கிழமையே சொல்லியிருக்கலாமே என்பதுதான் அவருடைய மரியாதைக் கணக்கு.

கீர்ட் ஹாஃப்ஸ்டெட் என்ற டச்சு அறிஞர் 1967 முதல் 1973 வரை பல நாட்டு ஐபிஎம் ஊழியர்களிடம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கேள்வித்தாள்களை நிரப்பி வாங்கி, மேலதிகாரிக்கும் கீழே இருப்பவருக்கும் உள்ள இடைவெளி நாட்டுக்கு நாடு எப்படி மாறுகிறது என்று எண்ணால் காட்டினார். பயிற்சி வகுப்புகளில் இன்னும் அந்த அட்டவணைதான் ஓடுகிறது. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. அது நாட்டின் சராசரி. முன்னால் உட்கார்ந்திருக்கிற மனிதர் சராசரி இல்லை. வாய் திறக்கத் தயங்கும் ஜெர்மானியரோடும், பட்டென்று பேசும் மதுரைக்காரரோடும் நான் வேலை பார்த்திருக்கிறேன்.

அட்டவணையைவிடச் சின்ன விஷயங்கள்தான் ஆளைக் கவிழ்க்கும். மார்ச் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஐரோப்பாவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள். நமக்கு அந்தப் பழக்கமே இல்லை. அவர்களுடைய காலை பத்து மணி, அதுவரை நமக்குப் பகல் இரண்டரை. அடுத்த நாளிலிருந்து ஒன்றரை. நான் பொறுப்பேற்ற முதல் வருடம் வழக்கம்போல இரண்டரைக்கு உட்கார்ந்தேன். ஆறு பேர் எனக்காகக் காத்திருந்துவிட்டுப் போயிருந்தார்கள். அன்றைக்கு எடுக்க வேண்டிய முடிவு இரண்டு வாரம் தள்ளிப்போனது. எண்களும் அப்படித்தான். 480 கோடி என்றால் உனக்கு உடனே புரிகிறது. ஜெர்மானியர் 4,8 மில்லியார்டன் என்பார். நாம் புள்ளி வைக்கிற இடத்தில் அவருக்குக் காற்புள்ளி. அவர் பில்லியன் என்றால் நம் லட்சம் கோடி. 03/04 என்று எழுதினால் ஏப்ரல் மூன்றா, மார்ச் நாலா? மாதத்தை எழுத்தால் எழுது.

"பையன்கிட்ட என்னன்னு கேக்கறது மாமா?"

"எப்ப முடியும்னு கேக்காதே. அதுக்கு ஒரே பதில்தான் வரும். 'இதுவரைக்கும் ஆனதைக் காட்டுப்பா'ன்னு கேளு. தனியா கேளு. குறையைக் காட்டினான்னா கோவிச்சுக்காதே, செவ்வாய்க்கிழமையே சொன்னதுக்கு நன்றின்னு சொல்லு. அன்னிக்கே ஜெர்மன்காரருக்கு நாலு வரி எழுதிடு: இது ஆச்சு, இது ஆகலை, இன்ன தேதி. இன்னொண்ணு, முடிஞ்சா அந்தப் பையனை ரெண்டு வாரம் அங்கே அனுப்பச் சொல்லு. கூட உக்காந்து ஒரு வேளை சாப்பிட்டவர் அடுத்த மீட்டிங்ல 'தப்பு'ன்னு சொன்னா அது வேற மாதிரி கேக்கும்."

டீ ஆறிப்போயிருந்தது. சூடுபண்ணிக் கொடுத்ததும் குடித்தாள்.

"ஏர்பஸ்காரங்க அப்புறம் என்ன பண்ணாங்க?"

அடுத்த விமானமான ஏ350-க்கு எல்லா ஊர்க்காரர்களும், பாகம் செய்து தருகிற வெளிக் கம்பெனிகளும் சேர்த்து, ஒரே மென்பொருளில் ஒரே பொது வரைபடத்தில் வேலை செய்தார்கள். அது 2013 ஜூன் 14-இல் துலூஸிலிருந்து முதல் முறையாகப் பறந்தது.