காமாலைக் கண்ணுக்கு என்ன மருந்து?

காமாலைக்காரன் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். பாவம் சார் அந்தக் காமாலைக்காரன்! அவனுக்கு உலகம் வழக்கமான கலரில்தான் தெரிகிறது. மஞ்சளாய்த் தெரிவது, பார்க்கிற நமக்கு அவன் கண்!

நிஜமான காமாலைக் கண் எங்கள் சேலம் ஆபீஸ் ஹெட்கிளார்க்குக்குத்தான். யாருக்காவது கண் லேசாக மஞ்சளித்தால் போதும், ஆஜராகிவிடுவார்.

"நாமக்கல் பக்கம் ஒரு ஊர்ல கீழாநெல்லிய அரைச்சு மோர்ல குடுக்கறாங்க தம்பி. மூணே வேளை! எம் மச்சினனுக்கு, எதுத்த வூட்டு லாரி டிரைவருக்கு, எல்லாத்துக்கும் குணமாயிருச்சுங்க."

குணமானது நிஜம். ஆனால் அசுத்தத் தண்ணீரால் பரவும் ஹெபடைடிஸ் ஏ காமாலை, பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும். வெறும் மோர் குடித்தாலும் இறங்கும். பேர் வாங்குவது கீழாநெல்லி!

"குணமாகாதவங்க யாரும் இல்லையா சார்?"

"அவனுக பத்தியம் இருந்திருக்க மாட்டானுக!"

எப்படிப் பார்த்தாலும் மருந்துக்கே ஜெயம். லாரியில் எலுமிச்சை கட்டுகிற கணக்கும் இதேதான்.

இந்தப் பார்வைக் கோளாறுக்குத் தியானம், மூச்சுப்பயிற்சி என்று சிலர் சிபாரிசு செய்கிறார்கள். செய்யட்டும், கெடுதல் இல்லை. எனக்குப் பிடித்த வைத்தியம் வேறு: மருந்து சாப்பிடாதவர்களையும் சேர்த்து எண்ணுவது. அதைச் செய்து பார்த்தவர்கள் நம் சென்னையிலேயே உண்டு. எஸ்.பி.தியாகராஜன் குழுவினர். கூடவே, 1976-ல் நோபல் பரிசு வாங்கிய ப்ளம்பெர்க். ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி கிருமி இருந்தவர்களில் ஒரு பகுதியினருக்குக் கீழாநெல்லி இனத்துச் செடி, மற்றவர்களுக்கு வெற்று மருந்து. 1988-ல் 'லான்செட்' இதழில் முடிவு வந்தது. செடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் மறைந்திருந்தது. வெற்று மருந்துக்காரர்கள் 23 பேரில் ஒருவருக்குத்தான்!

ஹெட்கிளார்க் இதோடு பேப்பரை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொள்வார். நாம் அடுத்த பக்கத்தையும் புரட்டுவோம். 1990-ல் தாய்லாந்தில் செய்து பார்த்தார்கள். பலிக்கவில்லை. பிறகு வேறு சில இடங்களிலும் அதே கதை.

இதில் வெட்டி வாதம் ஒன்றுமில்லை. ஏ-யா, பி-யா என்று கண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது. மஞ்சள் ஒரே மஞ்சள்தான். பி சிலருக்கு உடம்பிலேயே தங்கி, வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் ஈரலை அரிக்கும். கண் தெளிந்துவிட்டதே என்று நம்பி உட்கார்ந்திருப்பார்கள். ரத்தப் பரிசோதனைதான் காட்டிக்கொடுக்கும். காமாலையோடு பேச்சுக் குழறி, தூக்கக் கலக்கமாய் உளறினாலோ, ரத்தம் கசிந்தாலோ நாமக்கல் பஸ்ஸுக்கு நிற்காதீர்கள். நேரே பெரியாஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடியுங்கள்.