வண்டினத்தில் நண்பரும் பகைவரும்

கோடை மழை பெய்த மாலைகளில், தறிக்கூடத்து விளக்கைச் சுற்றிப் பழுப்பு நிற வண்டுகள் மோதி விழுவதை நெசவாளர் பலரும் கண்டிருப்பர். துடைப்பத்தால் அவற்றை ஒதுக்கிவிட்டு வேலையைத் தொடர்வது வழக்கம். ஆனால், அவற்றுள் நிலக்கடலை பயிரிடும் அங்கத்தினரின் ஓராண்டு உழைப்பை அழிக்க வல்ல வண்டும் இருக்கக்கூடும்.

விலங்கியலார் இவ்வண்டினை ‘ஸ்காராபிடே’ என்னும் குடும்பத்தில் சேர்ப்பர். உலகெங்கும் 30,000-க்கு மேற்பட்ட வகைகள் இதில் அடங்கும். தடித்த உடலும், மண்ணைத் தோண்டுதற்கேற்ற பற்களுள்ள முன்னங்கால்களும், உணர்கொம்பின் நுனியில் விசிறிபோல் விரிந்து மடியும் தகடுகளும் இவற்றின் அடையாளங்கள். புழுவின் உடல் வெண்மை, தலை பழுப்பு, கால்கள் மூன்று இணை. கையில் எடுத்தால் அரைவட்டமாகச் சுருண்டுகொள்ளும். சிறுவர் தீப்பெட்டியில் வளர்க்கும் பொன்வண்டு இக்குடும்பத்தைச் சேர்ந்ததன்று.

இக்குடும்பத்தின் கிளைகளுள் மூன்றினை நாம் அறிந்திருத்தல் அவசியம்.

முதலாவது, சாண வண்டு. இது சாணத்தை மண்ணுக்குள் கொண்டு சென்று நிலத்தை வளமாக்குகிறது. ஈக்கள் பெருகுவதையும் குறைக்கிறது. இது நம் நண்பன், கொல்லலாகாது.

இரண்டாவது, காண்டாமிருக வண்டு. இதில் தீங்கு செய்வது வளர்ந்த வண்டே. தென்னையின் குருத்தைத் துளைத்துத் தின்னும். பின்னர் விரியும் மட்டையில் கத்தரித்தாற்போன்ற வெட்டுகள் தோன்றும். புழுவோ எருக்குழியில் மக்கிய பொருளைத் தின்று வளர்வது. ஆதலால் எருவைக் கிளறிப் புழுக்களைப் பொறுக்குதலும், ‘மெட்டாரைசியம்’ என்னும் பச்சைப் பூஞ்சையை எருவில் கலத்தலும் பயன் தரும்.

மூன்றாவது, வேர்ப்புழு வண்டு. இதில் பயிருக்குப் பகை புழுவே. முதல் மழைக்குப்பின் அந்தி நேரத்தில் வண்டுகள் மண்ணைவிட்டு வெளிவந்து, வேம்பு, இலந்தை, முருங்கை முதலிய மரங்களில் கூடித் தழை தின்னும். விடியுமுன் மண்ணுக்குத் திரும்பி முட்டையிடும். புழுக்கள் நிலக்கடலை, கரும்பு ஆகியவற்றின் வேரை அரித்துவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராமச் சங்கத்தைப் பார்வையிடச் சென்றிருந்தேன். அங்கத்தினர் ஒருவர் பயிர்க்கடனுக்குத் தவணை நீட்டிக்க வேண்டினார். பயிர் வாடியதற்கு வறட்சியே காரணம் என்றனர் யாவரும். நானும் அவ்வாறே குறிப்பெழுத இருந்தேன். வயலுக்குச் சென்று வாடிய செடியொன்றை இழுத்தபோது, அது தடையின்றிக் கையோடு வந்தது, வேரே இல்லை. ஒரு சாண் ஆழம் தோண்டினால் சுருண்ட புழுக்கள்! “மழை பெய்ததும் என் வரப்பு வேம்பை உலுக்கி வண்டுகளைப் பொறுக்கினேன், ஐயா. அண்டை மரங்களை உலுக்குவார் யாருமில்லையே!” என்றார் அவர். அச்சொல்லுக்கு என்னிடம் மறுமொழி இல்லை.

வண்டுக்கு வரப்பு ஏது? ஒருவர் மட்டும் பொறுக்கினால் பக்கத்து மரத்தின் வண்டு அவர் நிலத்திலும் முட்டையிடும். இவ்வண்டுக்குத் தலைமுறை ஆண்டுக்கு ஒன்றே. ஆகையால் முதல் மழைக்குப்பின் மூன்று நான்கு மாலைகள் ஊர் முழுவதும் கூடி மரங்களை உலுக்கி, விழும் வண்டுகளை மண்ணெண்ணெய் கலந்த நீரில் இட்டுக் கொன்றால், அப்பருவத்து முட்டைகள் வெகுவாகக் குறையும். இதற்குப் பெருஞ்செலவில்லை, ஒற்றுமை ஒன்றே முதல்.

சங்க நிர்வாகிகள் கோடை மழைக்கு முன்னரே கூட்டம் கூட்டி, இன்ன தெருவாருக்கு இன்ன மரங்கள் என்று பகிர்ந்து வைப்பார்களாக. தவணை நீட்டிப்பு கடனைத் தள்ளிப்போடுமேயன்றி, போன வேரை மீட்டுத் தராது.