ஒவ்வொரு சுரமும் தன் கையால்

இசையமைப்பாளர் கர்ட் வைல் 1935 செப்டம்பரில் நியூயார்க் வந்து இறங்கியபோது அவருக்கு வயது 35. பெர்லினில் ‘மூன்று காசு ஓபரா’வால் கொடிகட்டிப் பறந்தவர், யூதர் என்பதால் 1933-ல் ஜெர்மனியை விட்டு வெளியேறியவர். மாக்ஸ் ரைன்ஹார்ட் இயக்கவிருந்த ‘தி எட்டர்னல் ரோடு’ நாடகத்துக்கு இசையமைப்பதுதான் வந்த வேலை. அந்த நாடகமோ தள்ளிப்போய்க்கொண்டே இருந்து, 1937 ஜனவரியில்தான் மேடையேறியது. செட் வளர்ந்து வளர்ந்து வாத்தியக்காரர்கள் உட்காரும் பள்ளத்தையே விழுங்கிவிட்டதால், இசையில் பெரும்பகுதியை முன்பே பதிவு செய்து ஒலிக்கவிட்டார்கள். கொஞ்ச நாள் தங்கிப் போக வந்தவர் அந்த ஊர்க்காரராகவே ஆகிப்போனார்.

நியூயார்க்கின் நாடக உலகமான பிராட்வேயில் அப்போதிருந்த வழக்கம் இதுதான்: இசையமைப்பாளர் மெட்டையும் பியானோ பகுதியையும் எழுதிக் கொடுப்பார். எந்த இடத்தில் டிரம்பெட், எந்த இடத்தில் வயலின் என்று பிரித்து எழுத வேறொருவர் இருப்பார். அதற்குக் கைதேர்ந்தவர்கள் அங்கே நிறைய. யாரும் இதைக் குறைவாக நினைத்ததில்லை. வைல் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு பாட்டு எப்படி ஒலிக்கிறது என்பதும் அந்தப் பாட்டுதானே என்பது அவர் கட்சி. பகலெல்லாம் ஒத்திகை, இரவெல்லாம் எழுத்து. ஒரு நாடகத்துக்கு வாத்திய இசை எழுதும் அந்தச் சில வாரங்களில் இரவுக்குச் சுமார் இரண்டு மணி நேரத் தூக்கம்தான் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

அந்த எழுத்து வேலை லேசானதல்ல. பிராட்வே குழுவில் ஒரே ஆள் கிளாரினெட், சாக்ஸபோன், புல்லாங்குழல் என்று மாற்றி மாற்றி வாசிப்பார். ஒன்றைக் கீழே வைத்து இன்னொன்றை எடுக்க அவருக்குச் சில வினாடிகள் வேண்டும். அந்த இடைவெளியை இசைக்குள்ளேயே ஒளித்து வைக்க வேண்டும். பாடகியின் குரல் மெலிந்தால் அந்த இடத்தில் பித்தளை வாத்தியங்களை அடக்க வேண்டும். செட் மாற்ற இன்னும் கொஞ்ச நேரம் தேவைப்பட்டால் அதற்கும் இசை நீள வேண்டும். இத்தனை நெருக்கடியையும் கற்பனைக்கு இடைஞ்சலாக நினைக்காமல், அதையே மூலப்பொருளாக்கிக்கொண்டதுதான் வைலின் பெருமை என்று நினைக்கிறேன்.

1938-ல் ‘நிக்கர்பாக்கர் ஹாலிடே’ நாடகத்தின் கதாநாயகன் வால்டர் ஹஸ்டன், பாடகர் அல்ல. உங்கள் குரல் எந்த அளவுக்கு எட்டும் என்று தந்தி அடித்துக் கேட்டார்களாம். அப்படியொன்றும் எட்டாது, ரேடியோவில் பாடப்போகிறேன், கேட்டுப் பாருங்கள் என்று பதில் வந்ததாம். அந்தக் கரகரத்த, எல்லை குறுகிய குரலைக் கேட்டுவிட்டு வைல் எழுதியதுதான் ‘செப்டம்பர் சாங்’. வரிகள் மாக்ஸ்வெல் ஆண்டர்சனுடையவை. முதுமையில் காதலிப்பவன் பாடும் பாட்டு அது. பயிற்சி பெற்ற குரல் பாடியிருந்தால் இத்தனை மனசைத் தொட்டிருக்காது.

1940 கோடையில் பாடலாசிரியர் ஐரா கெர்ஷ்வின் கலிபோர்னியாவிலிருந்து வந்து எஸெக்ஸ் ஹவுஸ் ஹோட்டலில் தங்கினார். சேர்ந்து எழுதிய தம்பி ஜார்ஜ் 1937-ல் இறந்த பிறகு ஐரா பிராட்வேக்கு எழுதிய முதல் நாடகம், ‘லேடி இன் த டார்க்’. ஏ.சி. இல்லாத அறையில், புழுங்கித் தள்ளும் வெயிலில், ஐராவும் வைலும் வாரக்கணக்கில் உட்கார்ந்து எழுதினார்கள். பாஸ்டனில் வெள்ளோட்டம். அதுவரை பெரிதாக யாருக்கும் தெரியாத டேனி கே, சுமார் 50 ரஷ்ய இசையமைப்பாளர்களின் பெயர்களை ஒரு நிமிடத்துக்குள் கொட்டித் தீர்க்கும் பாட்டைப் பாடினார். கைதட்டல் நிற்கவே இல்லை. அடுத்த பாட்டு கதாநாயகி கெர்ட்ரூட் லாரன்ஸுடையது. வேறு யாராக இருந்தாலும் துவண்டிருப்பார்கள். அவரோ ‘ஜென்னி’ பாட்டை ஒத்திகையில் செய்யாத துணிச்சலோடு ஆடிப்பாடி அரங்கை மீட்டுக்கொண்டார். 1941 ஜனவரியில் நியூயார்க் வந்த அந்த நாடகம் 467 முறை நடந்தது.

வைல் 1950 ஏப்ரல் 3 அன்று இறந்தார். வயது 50. அப்போது ‘ஹக்கிள்பெரி ஃபின்’ கதைக்குப் பாட்டு எழுதிக்கொண்டிருந்தார். ஐந்து பாட்டு முடிந்திருந்தது. அவர் உண்மையில் இசையமைப்பாளர்தானா என்று கேட்கும் தொனியில் அஞ்சலி எழுதினார் தத்துவவாதி அடோர்னோ. பிராட்வேக்கு விலைபோய்விட்டார் என்ற பேச்சு ஐரோப்பாவில் வெகுகாலம் இருந்தது. எனக்கு அதில் சற்றும் உடன்பாடில்லை. விலைபோக நினைத்தவர் சம்பளத்துக்கு ஆள் கிடைக்கும் வேலையைத் தன் தலைமேல் போட்டுக்கொண்டு விடிய விடிய எழுதியிருக்க மாட்டார்.

அந்த உழைப்பின் பலன் பின்னால்தான் தெரிந்தது. அக்கால பிராட்வே நாடகங்கள் பலவற்றின் வாத்தியப் பகுதிகள் ஓட்டம் முடிந்ததும் எங்கே போயின என்றே தெரியாமல் போயின. 1982-ல் நியூஜெர்சியின் செகாகஸில் ஒரு கிடங்கைத் திறந்தபோதுதான் ஜார்ஜ் கெர்ஷ்வின், ஜெரோம் கெர்ன் போன்றவர்களின் கைப்பிரதிகளே பெட்டி பெட்டியாகக் கிடைத்தன. வைலின் பெரிய நாடகங்களுக்கோ அவர் கைப்பட எழுதிய முழு இசைப்பிரதி இருந்தது. 1947-ல் பிராட்வேயில் 148 முறை மட்டுமே நடந்து நின்றுபோன அவருடைய ‘ஸ்ட்ரீட் சீன்’ 1959-ல் நியூயார்க் சிட்டி ஓபராவின் மேடைக்கு வந்தது. இன்றும் உலகின் ஓபரா அரங்குகளில் பாடப்படுகிறது.