‘தமிழ்’ எப்படி ‘?????’ ஆகிறது? டேட்டாபேஸ் சிக்கலும் தீர்வும்

வெப்சைட் படிவத்தில் வாடிக்கையாளர் தன் பெயரைத் தமிழில் டைப் செய்து சேவ் கொடுக்கிறார். டேட்டாபேஸைத் திறந்தால் பெயருக்குப் பதில் வரிசையாகக் கேள்விக்குறிகள். மைஎஸ்க்யூஎல் பயன்படுத்துபவர்களுக்கு இது பழகிய தலைவலி. ‘ஃபான்ட் பிரச்சினைதானே’ என்று விட்டால், தகவலே நிரந்தரமாகப் போய்விடலாம்.

ஏன் இப்படி ஆகிறது?

மைஎஸ்க்யூஎல் 8.0-க்கு முந்தைய பதிப்புகளில், நாமாக மாற்றாதவரை எழுத்துத் தொகுப்பு ‘லத்தீன்1’தான். அது மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கானது. தமிழுக்கு அதில் இடமே கிடையாது. இடமில்லாத ஒவ்வொரு குறிக்கும் ஒரு கேள்விக்குறி விழும். யூனிகோடு கணக்கில் ‘தமிழ்’ என்பது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என 5 குறிகள். அதனால்தான் 5 கேள்விக்குறிகள்.

‘ஸ்ட்ரிக்ட் மோட்’ ஆனில் இருந்தால், பொதுவாக இப்படிச் சேமிக்காமல் எரர் காட்டும். எரர் தொல்லை என்று அதை ஆஃப் செய்வதுதான் பலரும் செய்யும் தப்பு.

டேட்டா இருக்கா, போச்சா?

எதையும் மாற்றும் முன் பேக்அப் எடுங்கள். பிறகு அந்த காலத்தை ‘ஹெக்ஸ்’ ஃபங்ஷன் போட்டு செலக்ட் செய்து பாருங்கள்.

* ‘3எஃப்3எஃப்’ என வந்தால், கேள்விக்குறியே சேமிக்கப்பட்டுவிட்டது. பழைய பேக்அப் இருந்தால் உண்டு. இல்லையென்றால் திரும்பக் கேட்டு வாங்க வேண்டியதுதான்.

* ‘ஈ0ஏஈ’ எனத் தொடங்கினால் தமிழ் பத்திரமாக இருக்கிறது. அப்போது முதலில் கனெக்‌ஷன் செட்டிங்கைப் பாருங்கள்.

* திரையில் கேள்விக்குறி இல்லாமல் கொம்பும் கோடும் வைத்த லத்தீன் எழுத்துகள் தெரிந்தால், பெரும்பாலும் மீட்கலாம். ஆனால் நேரடியாக கன்வர்ட் செய்யாமல், ஒரு நகலில் சோதித்த பிறகு கை வையுங்கள்.

என்ன செட்டிங் வேண்டும்?

டேட்டாபேஸ், டேபிள், காலம், கனெக்‌ஷன் நான்கிலும் ‘யுடிஎஃப்8எம்பி4’ இருக்க வேண்டும். டேட்டாபேஸில் மட்டும் மாற்றினால் ஏற்கெனவே உள்ள டேபிள்கள் மாறாது. பலரும் கோட்டைவிடுவது இங்கேதான்.

பழைய ‘யுடிஎஃப்8’ போதாதா? அது ஒரு குறிக்கு 3 பைட் வரைதான் ஏற்கும். தமிழுக்கு அது சரி. ஆனால் பெரும்பாலான எமோஜிகளுக்கு 4 பைட் தேவை.

எல்லாம் முடிந்ததும் ‘தமிழ்’ என்ற சொல்லையும் ஒரு எமோஜியையும் சேவ் செய்து, திரும்ப எடுத்துப் பாருங்கள். இரண்டும் அப்படியே வந்தால், இனி தைரியமாக வாடிக்கையாளருக்குத் திறந்துவிடலாம்.